வித்தியாசம் பூஜ்யம்

கடல்மட்டத்தை அளக்கும் மூன்று கருவிகளை ஒப்பிட்டு அறிக்கை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்றும் ஒத்துப்போகின்றன என்று எழுதிக் கொடுத்தேன். அவை ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகும்படி எண்களை மாற்றியது நான். விவரம் தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எனக்கு விவரம் தெரியும்.

எந்தத் துறைமுகம், எந்த அலுவலகம், எந்தப் புயல் என்று சொல்லப்போவதில்லை. புயலின் பெயரைச் சொன்னால் துறைமுகம் தெரிந்துவிடும். துறைமுகம் தெரிந்தால் என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரென்றும் தெரிந்துவிடும். இதில் அவர்களுக்குப் பங்கில்லை. சோழமண்டலக் கரையில், ஓர் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துறைமுகம் என்ற அளவு போதும்.

ஒரே ஜெட்டியில் எதற்கு மூன்று கருவிகள் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை சென்னைக்கு வந்தது. அன்றும் நம் கரையில் கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானிகள் இருந்தன. அவை பதிவுசெய்வதை அந்த நிமிடமே உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தபிறகு நிலைமை மாறியது. கரையோர நிலையங்கள் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கருவிகளை வைத்து, அளவைச் செயற்கைக்கோள் வழியே உடனுக்குடன் அனுப்பும் முறை வந்தது. ஒன்று கெட்டாலும் இன்னொன்று பேசும். ஆனால் இரண்டு வெவ்வேறு எண்ணைச் சொன்னால் எதை நம்புவது? அதற்குத்தான் ஒப்பீடு. அதற்குத்தான் நான்.

முதல் கருவி மிதவை. ஜெட்டியின் தூணை ஒட்டி ஒரு நீண்ட குழாய் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும். அடியில் சின்னத் துளை. நீர் அதன் வழியாக மெதுவாகத்தான் உள்ளே வரும் என்பதால், வெளியே அலை எவ்வளவு துள்ளினாலும் குழாய்க்குள் மட்டம் நிதானமாக ஏறி இறங்கும். அதன்மேல் மிதவை, மிதவையில் கம்பி, கம்பி சுற்றும் சக்கரம். முன்பெல்லாம் சக்கரத்தோடு ஒரு பேனாவும், உருளையில் சுற்றிய தாளும் இருக்கும். மும்பை அப்போலோ பந்தரில் 1878 முதலும் சென்னையில் 1916 முதலும் கிடைக்கிற கடல்மட்டக் கணக்கில் பெரும்பகுதி இப்படி மிதவை எழுதித் தந்ததுதான். இப்போது பேனாவுக்குப் பதில் சக்கரத்தின் சுழற்சியை எண்ணாக மாற்றும் சென்சார் இருக்கிறது.

இரண்டாவது அழுத்தமானி. நீருக்கடியில் தூணில் போல்ட் போட்டுப் பொருத்தியிருப்பார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது கடல்மட்டத்தை அளப்பதே இல்லை. தன் தலைக்கு மேலே இருக்கும் பாரத்தை அளக்கிறது. நீரின் பாரம், நீருக்கு மேலே இருக்கும் காற்றின் பாரம் இரண்டும் அதில் சேர்ந்தே இருக்கும். காற்றின் பங்கைக் கழித்து, மீதியை நீரின் அடர்த்தியாலும் புவியீர்ப்பாலும் வகுத்தால்தான் உயரம் வரும். ஆக அதன் ஒவ்வொரு அளவுக்குப் பின்னாலும் மூன்று அனுமானங்கள் நிற்கின்றன.

மூன்றாவது ரேடார். ஜெட்டியிலிருந்து கடலின்மேல் நீட்டிய கையில் உட்கார்ந்து கீழே நுண்ணலையை அனுப்பும். அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். நீரைத் தொடாத கருவி என்பதால் உப்பும் சேறும் பாசியும் அதை ஒன்றும் செய்யாது. அதற்கும் ஒரு வெகுளித்தனம் உண்டு. அதன் கீழே யாராவது படகைக் கட்டிவிட்டால், படகின் தளத்தையே கடல் என்று நம்பி, ஒரே நிமிடத்தில் கடல் அரை மீட்டர் பொங்கிவிட்டதாக எழுதும்.

இவை மூன்றுக்கும் நடுவராக ஜெட்டியில் ஒரு கோல் உண்டு. சென்டிமீட்டர் கோடு போட்ட பலகை. அதைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து அந்தக் கோலைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்தவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுவோம். வயதில் என்னைவிட மூத்தவர். என்னை அவர் சார் என்பார்.

இனி நான் செய்தது.

முதல் சில மாதங்களின் டேட்டாவை எக்செலில் போட்டு மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தபோது, மேலோட்டமான பார்வைக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். எங்கள் பக்கம் பெரிய ஓதத்தின்போதும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அந்த ஒரு மீட்டரில் மூன்று கருவியும் சேர்ந்து ஆடின. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தபோதுதான் சங்கடம் தொடங்கியது. அழுத்தமானி ரேடாரைவிட எப்போதும் கொஞ்சம் குறைவாகச் சொன்னது. அந்தக் குறைவும் நிலையாக இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் வேறொன்று. மிதவை இரண்டோடும் சேராமல் தனியாகப் பின்தங்கி வந்தது.

மேலதிகாரியிடம் காட்டினேன். “மூணு கருவி மூணு அளவு சொன்னா மேல கேள்வி கேப்பாங்க. ஏன்னு பாத்துச் சரிபண்ணு” என்றார். நியாயமான சொல். கருவியைப் பார், பொருத்தியதைப் பார், கணக்கைப் பார் என்பதுதான் அதன் பொருள். நான் எனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொண்டேன்.

மாதம் முடிந்ததும் அழுத்தமானிக்கும் ரேடாருக்கும் இடையிலான சராசரி வித்தியாசத்தைக் கண்டுபிடித்தேன். அந்த எண்ணை அழுத்தமானியின் அளவோடு கூட்டினேன். அடுத்த மாதம் வேறு எண் வந்தது, அதைக் கூட்டினேன். ஒவ்வொரு மாதமும் இப்படியே. பிறகு அறிக்கையில் ஓர் அட்டவணை போட்டு, இரண்டு கருவிகளுக்கும் இடையிலான மாதச் சராசரி வித்தியாசம் பூஜ்யம் என்று எழுதினேன். பூஜ்யம் வராமல் எப்படி இருக்கும்? வித்தியாசத்தை முதலில் நானே எடுத்துவிட்டு, வித்தியாசமே இல்லை என்று நானே சான்றிதழும் கொடுத்தேன். படித்த யாரும் கேட்கவில்லை. அட்டவணை அவ்வளவு அழகாக இருந்தது.

நான் அழித்த அந்த வித்தியாசத்துக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்த வாக்குமூலம் முழுமையாகாது.

நிலையத்தில் காற்றழுத்தம் அளக்கும் சென்சார் பழுதாகிக் கிடந்தது. வானிலைத் துறையின் கடலோர நிலையங்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றழுத்தத்தைக் குறித்துவைக்கிறார்கள். ஒரு கடிதம் எழுதி, அது போய்வரக் காத்திருந்தால் கிடைத்திருக்கும். நான் காத்திருக்கவில்லை. ஆண்டு முழுவதற்கும் 1010 மில்லிபார் என்று ஒரே எண்ணைப் போட்டுக் கழித்தேன். கடல்மட்டம் பற்றிய எந்தப் பாடப்புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களிலும் இருக்கும் செய்தி: ஒரு மில்லிபார் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். நானே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய செய்தி.

நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சம். விடியற்காலை நாலு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் தாழ்வு. இடையில் சுமார் மூன்று மில்லிபார் வித்தியாசம். நான் ஒரே எண்ணைக் கழித்ததால் அந்த மூன்று மில்லிபாரும் மூன்று சென்டிமீட்டர் பொய்க் கடலாக அழுத்தமானியின் கணக்கில் ஏறியது. சூரியனால் வரும் ஓதத்துக்கும் பன்னிரண்டு மணி நேரச் சுழற்சிதான் என்பதால், கடலின் அசைவும் காற்றின் அசைவும் ஒன்றோடொன்று கலந்துபோயின. வரைபடத்தில் அந்த நெளிவு பளிச்சென்று தெரிந்தது. காலை பத்து, இரவு பத்து என்று மணி அடித்தாற்போல் வந்தது. அறிக்கையில் அதற்கு நான் வைத்த பெயர் இரைச்சல்.

அடுத்தது அடர்த்தி. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே போட்டேன். வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான நீர் அதைவிட லேசானது. கோடையில் எங்கள் துறைமுகத்தில் 1022 அளவில்தான் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஆறு பெருகி, வடக்கிலிருந்து கரையோரமாக நீரோட்டமும் நன்னீர் கலந்த தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது இன்னும் குறையும். 1010-க்கு இறங்கினால், அழுத்தமானியின் தலைமேல் நாலு மீட்டர் நீர் நிற்கும் இடத்தில் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் காணாமல் போகும். நீர் லேசாகிறது, பாரம் குறைகிறது, கடல் தாழ்ந்துவிட்டதாகக் கருவி சொல்கிறது. உண்மையில் அந்த மாதங்களில்தான் எங்கள் கரையில் கடல்மட்டம் ஆண்டின் உச்சத்தில் இருக்கும். புவியீர்ப்புக்கும் புத்தக எண்ணான 9.80665-ஐப் போட்டேன். சென்னைப் பக்கம் அது 9.78 சொச்சம்தான். அதில் இன்னொரு சென்டிமீட்டர்.

மிதவை பின்தங்கியதற்குக் காரணம் துளை. கொட்டலசும் சேறும் துளையை அடைத்திருந்தன. வெளியே ஏற்றம் முடிந்து நீர் இறங்கத் தொடங்கிய பிறகும் குழாய்க்குள் நீர் ஏறிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத் தாமதம் இருந்தால், ஓதம் வேகமாக ஓடும் நேரத்தில் நாலு சென்டிமீட்டர் பிழை வரும். இதைக் கண்டுபிடிக்க வான் த காஸ்தீல் என்பவர் பெயரில் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் ஓதச் சுழற்சி முழுக்கக் கோலையும் கருவியையும் சேர்த்துப் படித்து, நீர்மட்டத்தை ஓர் அச்சிலும் வித்தியாசத்தை மறு அச்சிலும் வரைய வேண்டும். கருவி சரியாக இருந்தால் நேர்க்கோடு நிமிர்ந்து நிற்கும். அளவுவிகிதம் தப்பினால் கோடு சாயும். நேரம் தப்பினால் கோடு இரண்டாகப் பிரிந்து முட்டை வடிவம் ஆகும். எனக்கு வந்தது தெளிவான முட்டை. ஆளை இறக்கித் துளையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். நான் எக்செலில் மிதவையின் நேரப் பத்தியைப் பத்து நிமிடம் முன்னால் நகர்த்தினேன். துளை மேலும் அடைபட்டு, முட்டை பெருத்தபோது, மேலும் நகர்த்தினேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சோம்பல் என்ற கணக்கில் போகலாம். புயல் இரவில் செய்தது அந்தக் கணக்கில் வராது.

புயல் கரையை நெருங்கிய இரவு காற்றழுத்தம் 988-க்கு இறங்கியது. வழக்கத்தைவிட இருபத்திரண்டு மில்லிபார் குறைவு. காற்றின் பாரம் குறையும் இடத்தில் கடல் அந்த அளவுக்குத் தலைதூக்கும். ஆக இருபத்திரண்டு சென்டிமீட்டர். அதற்கு மேல் காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளும். ரேடார் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான ஓதத்தைவிட அறுபது சென்டிமீட்டர் உயரம் என்று எழுதியது. அழுத்தமானி முப்பத்தெட்டு என்றது. அது பொய் சொல்லவில்லை. காற்று எவ்வளவு பாரத்தைக் குறைத்ததோ அவ்வளவு பாரத்தை எழுந்த நீர் நிரப்பிவிட்டதால், அதன் தலைமேல் மொத்தச் சுமை அந்த இருபத்திரண்டு சென்டிமீட்டரைப் பொறுத்தவரை மாறவே இல்லை. 988-ஐக் கழித்திருந்தால் அதுவும் அறுபது என்றிருக்கும். நான் கழித்தது 1010.

இருபத்திரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தை மாதச் சராசரிக்குள் புதைக்க முடியாது. வரைபடத்தில் கழுத்தைப் பிடிக்கும். என்ன காரணம் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. தெரிந்ததை ஒப்புக்கொண்டால் 1010 என்று போட்ட ஆண்டுக் கணக்கு முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். அழகான அட்டவணை போய்விடும். ஏற்கெனவே மேலே போன காலாண்டு அறிக்கைகளையும் திரும்பப் பெற வேண்டும். அறிக்கை கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கியிருந்தது. அதனால் கனமழையில் ரேடார் சரியாக வேலை செய்யவில்லை என்று எழுதினேன். புயல் நாட்களின் ரேடார் அளவுகளை அழுத்தமானிக்கு இணங்கக் குறைத்தேன். அதே பெயரிலேயே கோப்பைச் சேமித்தேன். எங்கள் சின்ன நிலையத்தில் செயற்கைக்கோள் இணைப்பு இல்லை. அளவைப் பதிந்துவைக்கும் லாகரின் கார்டையும் அடுத்த சுற்றுக்காக அழித்து மறுபடியும் பொருத்தியாயிற்று. அதுதான் வழக்கம். ரேடார் அளவுக்கு அசல் என்று ஒன்று எங்கும் இல்லாமல் போனது.

அறிக்கையின் வரைபடத்தை அச்சடித்து ஜெட்டி அறையின் சுவரில் ஒட்டியிருந்தோம். அண்ணன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“சார், புயலன்னிக்கு ராத்திரி படகு கட்டுற வளையம் தண்ணிக்குள்ள போயிருச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். உங்க கோட்டுல அந்த உயரத்துக்குப் போகவே இல்லியே?”

“மழையில ரேடாரு குழம்பிரும்ணே. அழுத்தமானி சொன்னதுதான் சரி.”

“ரேடாரு குழம்பும் சார். வளையம் எப்படிக் குழம்பும்?”

நான் பதில் சொல்லவில்லை. கணினியில் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. குறிப்பேட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தக் குறிப்பேட்டில் புயல் இரவின் கோல் அளவுகள் இருந்தன. கொட்டும் மழையில் ஜெட்டிக்குப் போய் எடுத்தவை. எழுத்து நனைந்து கலைந்திருந்தாலும் எண்களைப் படிக்க முடிந்தது. அவற்றைப் பார்த்தால் ரேடார் சரி, நான் தப்பு என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனாலேயே நான் அந்தக் குறிப்பேட்டைக் கேட்கவில்லை. ஒப்பீட்டு அறிக்கையில் ‘கோல் அளவு: புயல் காரணமாக எடுக்கப்படவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. இந்த வாக்குமூலத்தில் எனக்கு எழுதக் கூசிய வரி அதுதான்.

ஏன் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பணமில்லை, பதவி உயர்வில்லை. யாரும் மிரட்டவுமில்லை. இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று முறைத்துக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் மாதக் கணக்கு எழுதும்போதும் இதே வழக்கம்தான். கையிருப்பும் கணக்கும் இடித்தால், எங்கே இடிக்கிறது என்று தேடாமல் ‘இதர செலவு’ என்று ஒரு தொகையை எழுதிக் கணக்கைச் சமன்செய்துவிட்டுத் தூங்கப் போவேன். வீட்டில் அது நூறு ரூபாயோடு முடிந்தது. வேலையில் கடல்மீது அதே வரியை எழுதினேன்.

அதன் சேதம் புயல் இரவோடு நிற்கவில்லை. உலகக் கடல்மட்டம் 2006-க்கும் 2018-க்கும் இடையில் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் சென்டிமீட்டர். ஐப்பசி மாதத்துக்கு நான் ஒரே சொடுக்கில் கூட்டிய திருத்தமே அதைவிடப் பெரியது. மாதாமாதம் ஒரு கருவியை இன்னொன்றுக்கு இழுத்துக் கட்டினால், இரண்டில் ஒன்று மெல்ல நகர்ந்தாலும் தெரியாது, ஜெட்டி மெல்ல அமிழ்ந்தாலும் தெரியாது, அழுத்தமானியைச் சுத்தம் செய்தபோது போல்ட்டைச் சற்றுக் கீழே முடுக்கிவிட்டாலும் தெரியாது. எல்லாம் அந்த மாதத்தின் திருத்தத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஓதமானிகளுக்கு ஒரு சென்டிமீட்டர் துல்லியம் வேண்டும் என்று உலக அளவில் கேட்கிறார்கள். அந்தத் துல்லியம் இருப்பதாக என் அறிக்கை சொல்லியது. இருந்தது துல்லியத்தின் தோற்றம் மட்டும்.

பிற்பாடு ஆழ்கடல் அழுத்தப் பதிவுகளைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. சுனாமிக்காகக் கடலடியில், சில ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வைக்கும் கருவிகள் அவை. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம், ஆறாயிரம் மீட்டர் நீரின் அடியில் இருந்துகொண்டு மேலே ஒரு மில்லிமீட்டர் மாற்றத்தையும் உணரக்கூடியது. நடுக்கடலில் சுனாமி சில சென்டிமீட்டர் உயரமாகத்தான் இருக்கும் என்பதால் அந்த நுட்பம் தேவை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வகுப்பும் எடுத்தேன். எல்லாக் கருவியும் ஒன்றையே அளப்பதில்லை என்பதுதான் என் வகுப்பின் முதல் பாடம். ரேடார் நீரின் மேற்பரப்பைப் பார்க்கிறது. கடலடி அழுத்தமானி பாரத்தைப் பார்க்கிறது. வெயிலில் நீர் சூடாகி விரிந்தால் மேற்பரப்பு உயரும், பாரம் கூடாது. மேற்பரப்பை விண்ணிலிருந்து பார்க்க 1992-இல் டோபெக்ஸ் போசைடான் செயற்கைக்கோளை அனுப்பினார்கள். பாரத்தை விண்ணிலிருந்து எடைபோட 2002-இல் கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் போயின. ஒன்று சொல்வதையும் மற்றது சொல்வதையும் கழித்துப் பார்க்கும்போதுதான், கடல் உயர்வதில் எவ்வளவு பனி உருகி வந்த நீர், எவ்வளவு சூட்டினால் வந்த விரிவு என்று பிரிக்க முடிகிறது. கழித்தால் மிஞ்சுவதில்தான் சேதியே இருக்கிறது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். நன்றாக எடுக்கிறீர்கள் சார் என்பார்கள்.

ஒரு வகுப்பில், ஆழ்கடலில் புயல் கடந்துபோகும்போது அதன் அடியில் உள்ள கருவிக்குக் காற்றழுத்தத் தாழ்வு பெரும்பாலும் தெரியாது, காற்று விட்ட இடத்தை நீர் நிரப்பிவிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்:

“அப்போ கரையில இருக்கிற அழுத்தமானியில, புயல் நேரத்துல நிலையான ஒரு எண்ணைக் கழிச்சா, ஏறின தண்ணி கணக்குல வராதா சார்?”

“வராது.”

“அப்படி யாராவது கழிப்பாங்களா?”

“கழிக்கக் கூடாது” என்றேன். அவர் கேட்டது அதை அல்ல.

அன்று வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நெடுநாள் கழித்து, அந்தத் துறைமுகத்தின் பழைய டேட்டாவை வெள்ள அபாயக் கணக்குக்காக ஒருவர் கேட்டு எழுதியபோதுதான் வேறு வழியில்லாமல் வாய் திறந்தேன். எத்தனை உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று என் எண்ணை வைத்து யாரோ முடிவு செய்யப்போகிறார்கள். நான் அழித்தது இருபத்திரண்டு சென்டிமீட்டர். சுவரின் மேல்வரிசையில் செங்கல் இரண்டு அடுக்கு.

கடிதம் எழுதினேன். மேலே இருந்தவர் மாறியிருந்தார். “இப்ப போய் எதுக்குங்க இதெல்லாம்?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு வானிலைத் துறைக்கு எழுதிக் காற்றழுத்தம் வாங்க அனுமதி கொடுத்தார். அந்தக் கடிதத்துக்குப் பதில் எளிதாகவே வந்தது. முதலிலேயே கேட்டிருந்தாலும் வந்திருக்கும்.

அழுத்தமானியின் அசல் பதிவு நல்லவேளையாக இருந்தது. நான் கைவைத்தது அதைக் கடல்மட்டமாக மாற்றிய கோப்பில் மட்டும்தான். ஒவ்வொரு நேரத்துக்கும் உரிய காற்றழுத்தத்தைக் கழித்தேன். உப்பளவு எடுத்திருந்த நாட்களை வைத்து அடர்த்தியை மாதவாரியாகத் திருத்தினேன். புவியீர்ப்பையும் மாற்றினேன். காலை பத்து, இரவு பத்து நெளிவு மறைந்தது. ஐப்பசிப் பள்ளம் பெரும்பாலும் நிரம்பியது. புயல் இரவின் உச்சம் தானாக எழுந்து நின்றது. அண்ணனின் குறிப்பேட்டைக் கேட்டு அவர் வீட்டுக்கே போனேன். எதற்கு என்று சொன்னேன். அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புதிய கணக்கும் அவருடைய கோல் அளவும் சில சென்டிமீட்டருக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மிச்சமிருந்த அந்தச் சில சென்டிமீட்டரை அப்படியே விட்டேன். மாதவாரியாக ஒரு தனிப் பத்தியில், ‘விளக்கம் கிடைக்காத வித்தியாசம்’ என்ற தலைப்பில் அது இருக்கிறது. அந்தப் பத்தியைப் பார்க்கும்போது இன்றும் கை அரிக்கத்தான் செய்கிறது.

கடல்மட்டம் இப்படி ஓரளவு மீண்டது. ஒப்பீடு மீளவில்லை. புயலில் ரேடார் எப்படி நடந்துகொண்டது, மழையில் உண்மையிலேயே தடுமாறியதா, அலையை எவ்வளவு கூட்டிப் படித்தது என்பதை அறியத்தான் அந்த மூன்று கருவியையும் ஒரே ஜெட்டியில் வைத்திருந்தார்கள். என்னை வைத்ததும் அதற்குத்தான். ரேடாரின் அசல் அளவு அழிந்துபோனதால் அந்தக் கேள்விக்கு அந்தத் துறைமுகத்திலிருந்து இனி எந்தப் பதிலும் கிடைக்காது.

திருத்திய கோப்பில் புயல் நாட்களுக்கான ரேடார் பத்தி முழுக்க 9999 என்று இருக்கும். அளவு இல்லை என்பதற்கு நாங்கள் போடும் எண் அது. அந்த எண்ணைப் பார்ப்பவர்கள் கருவி பழுது என்றுதான் வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் குறிப்புப் பகுதியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: இந்த நாட்களில் ரேடார் பழுதில்லாமல் இயங்கியது, அதன் அளவுகளை மாற்றி எழுதி அழித்தவர் அறிக்கையைத் தயாரித்தவர். கீழே என் பெயர் இருக்கிறது.